எழும்பூரில் முகப்பு மட்டும் மிஞ்சினால் போதாது

சென்னை எழும்பூர் ரயில் நிலையத்தைப் புதுப்பித்து விரிவாக்கும் வேலை ஆரம்பித்ததிலிருந்து என் டைம்லைனில் இரண்டு வகைப் பதிவுகள் வந்துகொண்டே இருக்கின்றன. "ஏர்போர்ட் மாதிரி ஆகப்போகுது பாருங்க" என்று மாதிரிப் படத்தைப் பகிர்கிறவர்கள் ஒரு பக்கம். "பழைய கட்டடத்தில் கை வைக்காதீர்கள்" என்கிறவர்கள் இன்னொரு பக்கம். இரண்டு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இரண்டு தரப்புக்கும் கட்டடம்தான் கண்ணில் படுகிறது. கையில் பையும் இடுப்பில் பிள்ளையுமாக வண்டி பிடிக்க ஓடுகிறவர்களைப் பற்றி யாரும் பேசக் காணோம். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

தென்னிந்திய ரயில்வே கம்பெனி கட்டிய நிலையம் இது. 1908 ஜூன் 11-ல் திறந்தார்கள். செலவு 17 லட்சம் ரூபாய். வடிவமைத்தவர் ஹென்றி இர்வின், மைசூர் அரண்மனையை வடிவமைத்த அதே இர்வின். எடுத்துக் கட்டியவர் பெங்களூர் ஒப்பந்ததாரர் சாமிநாத பிள்ளை. பக்கத்தில் அருங்காட்சியக வளாகத்தில் இருக்கிற விக்டோரியா நினைவு மண்டபமும் இர்வின் வடிவமைத்ததுதான். (நிலையத்துக்கு எதிரே ஓடும் காந்தி இர்வின் சாலையில் வருகிற இர்வின் வேறு ஆள். அவர் 1931-ல் காந்தியோடு ஒப்பந்தம் போட்ட வைஸ்ராய்.)

சென்ட்ரல் அகலப் பாதைக்கு, எழும்பூர் அதைவிடக் குறுகிய மீட்டர் கேஜ் பாதைக்கு என்று பல காலம் ஊரே பிரிந்து கிடந்தது. டெல்லிக்கும் பம்பாய்க்கும் போகிறவர்கள் அங்கே. திருச்சி, மதுரை, திருநெல்வேலி என்றால் இங்கே. போட் மெயிலும் இங்கிருந்துதான் கிளம்பியது. 1914-ல் பாம்பன் பாலம் வந்த பிறகு தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து கப்பலில் தலைமன்னார், மறுபடி ரயிலில் கொழும்பு. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியே போய்விட்டது. ஆனாலும் ராமேஸ்வரம் போகும் எக்ஸ்பிரஸை இன்றைக்கும் போட் மெயில் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். 1931-ல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓட ஆரம்பித்ததும் இதே வழியில்தான். அந்த மீட்டர் கேஜ் மின்சார வண்டிகள் 2004 வரை ஓடின.

இந்த நிலையத்தில் எனக்கு மிகவும் பிடித்தது குவிமாடமோ சிவப்புச் செங்கல்லோ இல்லை. போர்ட்டிகோவில் ஆட்டோவை விட்டு இறங்கி, முன்கூடத்தைக் கடந்தால், எதிரே நான்காவது பிளாட்பாரம். ஒரு படி ஏற வேண்டாம், இறங்க வேண்டாம். நடக்க முடியாத பெரியவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து நேராகப் பெட்டியில் உட்கார வைத்துவிடலாம். ஒரு காலத்தில் பிளாட்பாரத்தை ஒட்டியே கார் போக வழி இருந்தது. மோட்டார் கார் அபூர்வமாக இருந்த நாளில் திட்டம் போட்டவர்களுக்கு, பயணி எவ்வளவு குறைவாக நடக்கிறாரோ அவ்வளவு நல்லது என்று தோன்றியிருக்கிறது. சும்மா சொல்லக் கூடாது, அது பெரிய விஷயம்.

அந்த நான்காவது பிளாட்பாரத்தைத் தாண்டியதும் கதை மாறிவிடுகிறது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் போய்ப் பாருங்கள். தெற்கே போகும் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பும் நேரம் அது. நடைமேம்பாலப் படிக்கட்டில் ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் முட்டிக்கொண்டு நிற்பார்கள். போன பொங்கலுக்கு முன்னால் ஓர் அம்மா பாதிப் படியில் மூச்சு வாங்க நின்றுவிட்டார். ஒரு கையில் கட்டைப் பை, இன்னொரு கையில் தண்ணீர்க் கேன். "ஏய்யா, தூத்துக்குடி வண்டி எதுல நிக்கு?" என்று கேட்டார். எதில் நிற்கிறது என்று சொல்ல எனக்கு ஒரு நொடி போதும். அவர் அங்கே போய்ச் சேர இன்னும் பாதிப் படி ஏறி, பாலத்தைக் கடந்து, முழுப் படியும் இறங்க வேண்டும். லிஃப்ட் எந்தப் பக்கம் என்று காட்டும் பலகை அந்த இடத்தில் இல்லை.

ஜெனரல் பெட்டிக்கு நிற்கும் வரிசை இன்னொரு காட்சி. வண்டி வருவதற்கு வெகு நேரம் முன்பே பிளாட்பாரக் கோடியில் வரிசை போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். தரையில் துண்டு விரித்துக் குழந்தையைப் படுக்க வைத்திருப்பார்கள். எழுந்து கழிப்பறைக்குப் போனால் இடம் போய்விடும் என்ற பயம் முகத்தில் தெரியும். வண்டி உள்ளே வந்ததும் போலீஸ்காரர் ஒருவர் வரிசையை ஒழுங்குபடுத்தப் படும் பாடு தனி. இந்தக் கூட்டம் பண்டிகைக்கு மட்டும் வருவதல்ல. வாரக் கடைசி தோறும் இப்படித்தான்.

2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு, தெற்கே போகும் பேருந்துகளுக்காகக் கோயம்பேடு போன காலம் முடிந்துவிட்டது. வட சென்னையில் இருப்பவர் பேருந்து பிடிக்க ஊரின் மறு கோடிக்குப் போக வேண்டும். ஊருக்கு நடுவிலிருந்து தெற்கே போக மிச்சம் இருக்கிற பெரிய வாசல் எழும்பூர்தான். அதனால் இங்கே போடுகிற ஒவ்வொரு ரூபாயும் நியாயமான செலவு என்றே நினைக்கிறேன். மேம்பாடே வேண்டாம் என்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

2022 மே 26-ல் எழும்பூர், மதுரை, ராமேஸ்வரம், காட்பாடி, கன்னியாகுமரி ஆகிய ஐந்து நிலையங்களுக்கும் பிரதமர் அடிக்கல் நாட்டினார். எழும்பூர் ஒப்பந்தத்தின் மதிப்பு மட்டும் 734.91 கோடி ரூபாய். காந்தி இர்வின் சாலைப் பக்கமும் பூந்தமல்லி நெடுஞ்சாலைப் பக்கமும் புதுக் கட்டடங்கள், அடுக்குமாடி வாகன நிறுத்தம், தண்டவாளங்களுக்கு மேலே விரிந்த கூடம் என்பது திட்டம். பழைய கட்டடம் அப்படியே இருக்கும் என்று உறுதி சொல்லியிருக்கிறார்கள். நல்லது.

என் கவலை அந்த "அப்படியே" பற்றித்தான். பயணிகள் எல்லோரையும் மேலே ஏற்றி, கூடத்தில் சுற்றவிட்டு, மறுபடி கீழே இறக்குகிற ஏற்பாடாகிவிட்டால், 1908-ல் தரைமட்டத்தில் கிடைத்த வழி அடைபட்டுப்போகும். முகப்பு பளபளவென்று இருக்கும், ஆனால் அதன் வழியே யாரும் வண்டிக்குப் போகமாட்டார்கள். விமான நிலையத்தில் பெட்டியை முன்னாலேயே கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நடக்கிறோம். ரயிலுக்கு வருகிறவர் அரிசி மூட்டையையும் தானே சுமந்து பெட்டி வரை போக வேண்டும். அதை மறந்துவிட்டு விமான நிலையத்தை அளவுகோலாக வைக்கக் கூடாது.

சரி, என்னதான் வேண்டும்? பழைய போர்ட்டிகோ வழி நான்காவது பிளாட்பாரத்துக்குத் திறந்தே இருக்க வேண்டும். மற்ற எல்லா பிளாட்பாரத்துக்கும் படியில்லாமல் போக சாய்தளம் வேண்டும், ஏனென்றால் லிஃப்ட் பழுதாகும், சாய்தளம் பழுதாகாது. ஜெனரல் பெட்டிக்காரர்களுக்கு டோக்கனோடு, மின்விசிறியோடு, பக்கத்திலேயே கழிப்பறையோடு ஒரு காத்திருப்புக் கூடம் வேண்டும். ஏசி லவுஞ்ச் கட்டும்போதே இதையும் கட்ட வேண்டும், "அப்புறம் பார்க்கலாம்" என்று தள்ளக் கூடாது. 2018 மே மாதத்திலிருந்து எழும்பூரில் மெட்ரோ நிற்கிறது. மெட்ரோவிலிருந்து வெளியே வருகிறவர் சாலையில் இறங்காமல் நிலையத்துக்குள் வர வேண்டும். கடை வாடகைக்கு ஒதுக்கும் இடத்தைவிட உட்காரும் இடம் அதிகமாக இருக்க வேண்டும்.

இன்னொன்று. வேலை நடக்கும்போது சில வண்டிகளைத் தாம்பரத்தோடு நிறுத்துகிறார்கள். அது தவிர்க்க முடியாது என்று புரிகிறது. ஆனால் அந்த மாற்றத்தைச் செய்தித்தாளில் பார்க்காத ஒருவர் பெட்டி படுக்கையோடு எழும்பூருக்கு வந்து நின்றால், அவருக்கு வழி சொல்ல வாசலிலேயே ஓர் ஆள் இருக்க வேண்டும். கூடவே, முடிந்த பிறகு எந்த வாசல் எங்கே போகும், எந்த பிளாட்பாரத்துக்கு எப்படிப் போவது என்ற வரைபடத்தை இப்போதே வேலை நடக்கும் இடத்தை மறைத்திருக்கிற தடுப்பின் மேல் தமிழில் பெரிதாக ஒட்டுங்கள். தினமும் வந்து போகிற போர்ட்டர்களும் ஆட்டோக்காரர்களும் சீசன் டிக்கெட்காரர்களும் பார்த்துவிட்டு, எங்கே இடிக்கும் என்று சொல்லிவிடுவார்கள். கான்கிரீட் போடுவதற்கு முன்னால் கேட்டுக்கொண்டால் திருத்துவதற்குச் செலவே இல்லை.