திரும்பக் கூப்பிட்டால் என்ன அர்த்தம்?

"எனக்குத்தான் ஒரு தொந்தரவும் இல்லையே, எதுக்கு மேமோகிராம்?" என்று மார்பக எக்ஸ்ரேயான மேமோகிராமைப் பற்றிக் கேட்டவள் என் அக்கா. படித்தவள். அக்டோபர் மாதம் பிறந்தால் முதல் ஆளாக ப்ரொஃபைலில் மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வுக்கான பிங்க் ரிப்பன் வைப்பவள்.

தொந்தரவு வந்த பிறகு எடுப்பது வேறு கணக்கு. ஒன்றும் தெரியாதபோதே போய்ப் பார்ப்பதற்குப் பெயர்தான் ஸ்க்ரீனிங். மார்பகப் புற்றுநோய்க் கட்டி பெரும்பாலும் ஆரம்பத்தில் வலிக்காது. நாமோ வலி இல்லை என்பதையே நல்ல சேதியாக எடுத்துக்கொள்கிறோம்! அடுத்த சமாதானம், "எங்க குடும்பத்துல யாருக்கும் கிடையாது." பெற்றோரிடமிருந்து வரும் மரபணுக் கோளாறால் உண்டாவது 100-க்கு 5 முதல் 10 வரைதான். மிச்சப் பேர் யார் என்று யோசித்துப் பாருங்கள்.

கூச்சம் பற்றி நான் அதிகம் பேச மாட்டேன். நானும் அதைச் சொல்லித்தான் இரண்டு வருஷம் தள்ளிப்போட்டேன். இயந்திரம் அழுத்துவது சில விநாடிகள். சிலருக்கு வலிக்கும், வலிக்காது என்று பொய் சொல்லக் கூடாது.

என் கோபம் வேறு இடத்தில். விழிப்புணர்வுப் பதிவுகள் எல்லாம் "சீக்கிரம் கண்டுபிடித்தால் பிழைக்கலாம்" என்பதோடு நின்றுவிடுகின்றன. எடுத்த பிறகு என்ன நடக்கும் என்று யாரும் சொல்வதில்லை. அமெரிக்காவில் ஸ்க்ரீனிங்குக்குப் போகும் 100 பேரில் சுமார் 10 பேரை மறுபடி வரச் சொல்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை. இந்த வீண் பதற்றத்தையும் பலனையும் எடைபோடுவதால்தான் நாட்டுக்கு நாடு வயது மாறுகிறது. அமெரிக்கப் பரிந்துரை 2024 முதல் 40 வயதிலிருந்து 74 வரை, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை. பிரிட்டனில் 50 முதல் 71-ஆவது பிறந்தநாள் வரை, மூன்று வருஷத்துக்கு ஒருமுறை. உங்களுக்கு எது சரி என்று டாக்டரிடம் கேளுங்கள், வாட்ஸ்அப்பிடம் வேண்டாம். ரிப்போர்ட் நார்மல் என்று வந்த பிறகும் ஏதாவது தட்டுப்பட்டால் மறுபடி போங்கள். மார்பகத் திசு அடர்த்தியாக இருந்தால் மேமோகிராமுக்கே சில சமயம் கட்டி தப்பிவிடும்.

அக்கா கடைசியில் போனாள். மறுபடி வரச் சொன்னார்கள். நான்கு நாள் யாரிடமும், அத்தானிடம்கூட, மூச்சுவிடவில்லை. இன்னொரு படம், ஒரு அல்ட்ராசவுண்ட். வெறும் நீர்க்கட்டி.

எல்லாம் முடிந்த பிறகுதான் எனக்கு போன் செய்தாள். "திரும்பக் கூப்பிட்டாலே கேன்சர்னு அர்த்தம் இல்லன்னு ஒருத்தியாவது முன்னாடியே சொல்லியிருந்தா, அந்த நாலு நாளும் தூங்கியிருப்பேன்டி."