எழும்பூர் இறுதிப் போட்டியை இரண்டே வரியில் முடித்துவிட்டீர்களே!

2023 ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை ஹாக்கி பற்றிய உங்கள் கட்டுரையில் பாதிக்கு மேல் இந்தியா பாகிஸ்தானை 4-0 என வென்ற கதைதான். சரி, அதற்குத்தான் கூட்டம் வரும், புரிகிறது. ஆனால் விளையாட்டாகப் பார்த்தால் அது ஒருதலைப்பட்சமான போட்டி. உண்மையான விருந்து ஆகஸ்ட் 12 அன்று எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கில் மலேசியாவுடன் நடந்த இறுதிப் போட்டி.

லீக் சுற்றில் இதே மலேசியாவை 5-0 என்று நொறுக்கியிருந்தோம். அதனால் கோப்பை கைக்கு வந்த மாதிரிதான் பலரும் பேசினார்கள். இடைவேளையில் பார்த்தால் மலேசியா 3-1! மூன்றாவது கால்பகுதி முடியும் தறுவாயில் நம் கேப்டன் ஹர்மன்பிரீத் பெனால்டி ஸ்ட்ரோக்கில் (கோல்கீப்பர் மட்டும் எதிரே நிற்க அடிக்கும் வாய்ப்பு) ஒன்று போட்டார். அரங்கம் கத்தி முடிப்பதற்குள் குர்ஜந்த் அடுத்ததைத் தள்ளிவிட்டார். ஒரே நிமிடத்தில் 3-3. அப்புறம் 56-வது நிமிடத்தில் ஆகாஷ்தீப் அடித்ததுதான் வெற்றி கோல். அந்தத் தொடரில் முதன்முறையாக இறுதிக்கு வந்த அணி இவ்வளவு தூரம் நம்மைத் திணறடித்ததைப் பற்றி ஒரு பத்தியாவது எழுதியிருக்கலாம்.

இன்னொரு விடுபடல், அரியலூர் கார்த்தி செல்வம். அதே மலேசியாவுக்கு எதிரான லீக் ஆட்டத்தில் முதல் கோல் அவருடையது. அரையிறுதியில் ஜப்பானுக்கு எதிராகவும் ஒன்று போட்டார். சொந்த மாநிலத்தில் ஆடிய பையன் பெயரே கட்டுரையில் இல்லை. தொடரின் யானைச் சின்னம் பொம்மனுக்கு மட்டும் படத்தோடு இடம்! அடுத்த பகுதியிலாவது கார்த்தியைப் பற்றி எழுதுங்கள் சார்.