குப்பம்மாள் என்ற பெயரை மாற்றாதீர்கள்

அண்ணன் மகனின் கல்யாணப் பத்திரிகை மாதிரி நேற்றுக் குடும்பக் குழுவில் வந்தது. பெரியவர்கள் வரிசையில் 'காலஞ்சென்ற குமுதவல்லி அம்மாள்' என்று இருந்தது. யார் இது என்று ஒரு நிமிடம் விளங்கவில்லை. எங்கள் பாட்டி, நாங்கள் ஆயா என்று கூப்பிட்டவர். எண்பது வருடம் குப்பம்மாளாக வாழ்ந்தவர். ரேஷன் கார்டிலும் பட்டாவிலும் குப்பம்மாள். பெண் வீட்டார் பார்வையில் அந்தப் பெயர் நன்றாக இருக்காது என்று பிள்ளைகள் மாற்றிவிட்டார்களாம்.

கோபம் வந்தது. ஆனால் அந்தப் பெயர் எப்படி வந்தது என்று பிள்ளைகளுக்கு நாங்கள் யாருமே சொன்னதில்லை. அது எங்கள் தவறு. இப்போது சொல்கிறேன்.

ஆயாவுக்கு முன்னால் ஒரு பெண் குழந்தை பிறந்தது. 1930களின் பின்பாதி. போளூர்ப் பக்கம், மல்லாட்டை என்கிற நிலக்கடலை விளையும் மானாவாரி ஊர். வீட்டில்தான் பிரசவம். கருக்கரிவாளால் தொப்புள்கொடியை அறுத்து, அடுப்புச் சாம்பலை வைத்து அமுக்கினார்கள். அக்கம்பக்கத்து வீடுகளிலும் அதுதான் வழக்கம். ஐந்து நாள் நன்றாகப் பால் குடித்தது. ஆறாம் நாள் காலையில் வாய் திறக்கவில்லை. தொட்டாலும், கதவுச் சத்தம் கேட்டாலும் உடம்பு வில்லாக விறைத்தது. எட்டாம் நாள் போய்விட்டது. தீட்டுக் கழித்துப் பெயர் வைக்க இன்னும் நாள் இருந்ததால் அதற்குப் பெயரும் இல்லை.

கைக்குழந்தையை எரிக்க மாட்டார்கள். பழஞ்சேலையில் சுற்றிக் கொல்லை வேலியோரம் புதைத்தார்கள். கருமாதி இல்லை, படையல் இல்லை, கல் இல்லை. நாலு நாளில் ஊர் மறந்தது.

தாய்க்குப் பால் கட்டிக்கொண்டது. அது வற்றுவதற்காக மார்பில் மல்லிகைப் பூவை வைத்துக் கட்டினார்கள். நம் பக்கத்துக் கைவைத்தியம். அதற்குப் பிறகு பெரிய ஆயா, அதாவது ஆயாவின் அம்மா, மல்லிகை சூடவே இல்லை. கனகாம்பரம் வைப்பாராம், சாமந்தி வைப்பாராம், மல்லிகை மட்டும் கிடையாது. ஆயா இதை என்னிடம் சொன்னபோது மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு அந்த வாசனை ஒத்துக்கொள்ளாது என்றுதான் சின்ன வயதில் நினைத்தேன் என்றார். கை மட்டும் நிற்காமல் உரித்துக்கொண்டே இருந்தது.

அடுத்துப் பிறந்தவர் ஆயா. இதையும் பறிகொடுக்க முடியாது என்று, முறத்தில் கிடத்திக் குப்பைமேட்டில் வைத்துவிட்டு வந்தார்கள். எதிர்வீட்டு அத்தை எடுத்து வந்து, "குப்பையில் குழந்தை கிடந்தது, வேண்டுமா?" என்று கேட்டார். ஒரு படி தவிடு கொடுத்துப் பெரிய ஆயா தன் குழந்தையைத் தானே வாங்கினார். யாருக்கும் வேண்டாத பிள்ளை என்று எமன் நம்பிவிட்டுப் போகட்டும் என்பதற்காகத்தான் குப்பம்மாள் என்ற பெயர். ஊர்களில் இருக்கிற குப்பன், தவிட்டான், பிச்சை, மண்ணாங்கட்டி பலருக்கும் பின்னால் இப்படி ஒரு குழந்தை உண்டு. குப்பம்மாள் என்று கூப்பிடும்போதெல்லாம் அந்த வீடு அவருடைய அக்காவையும் சேர்த்தே நினைத்தது. அக்கா பிறந்ததற்கு உலகத்தில் இருக்கிற ஒரே சான்று இந்தப் பெயர்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பிள்ளை போனதற்குப் பெரிய ஆயாவைத்தான் பழி சொன்னார்கள். வயிற்றுப் பிள்ளைக்காரி உச்சிவேளையில் கிணற்றடிக்குப் போனாள், காற்றுக் கருப்பு பட்டுவிட்டது என்றார்கள். அடையாளங்களைக் கேட்டால் இன்று எந்தச் செவிலியரும் சொல்லிவிடுவார்: அது ரணஜன்னி, அதாவது டெட்டனஸ். மண்ணிலும் சாணத்திலும் இருக்கிற கிருமி, அரிவாள் வழியாகவோ சாம்பல் வழியாகவோ தொப்புளில் இறங்கியிருக்கிறது. கர்ப்பிணிக்குப் போடுகிற ஊசியும் சுத்தமான பிளேடும் தடுத்துவிடக்கூடிய நோய். பிறந்த குழந்தைகளைக் கொல்லும் அந்த ரணஜன்னியை இந்தியா ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் உறுதிசெய்தது 2015இல்தான். ஒழிப்பு என்றால் எந்த மாவட்டத்திலும் ஆயிரம் பிறப்புக்கு ஒன்றுக்கும் குறைவு என்று கணக்கு. 1971இல்கூட இந்த நாட்டில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 ஒரு வயதைத் தாண்டவில்லை. 2020இல் அது 28; தமிழ்நாட்டில் 13. அத்தனை தாய்மார்களும் எந்தப் பழியைச் சுமந்தார்களோ! நீ ஒரு தவறும் செய்யவில்லை தாயே என்று பெரிய ஆயாவிடம் கடைசி வரை ஒருவரும் சொல்லவில்லை. அதை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு அடைக்கிறது.

மங்கல காரியத்தில் செத்த பிள்ளை பேச்சு எதற்கு என்று சித்தப்பா கேட்டார். அவர் மனம் எனக்குப் புரிகிறது. ஆனால் கல்யாணத்துக்கு முன்னால் நம் வீட்டில் இறந்துபோன பெண்களை நினைத்துப் பூவாடைக்காரிக்குப் படைக்கிறவர்கள் நாம். செத்தவர்களை அழைக்காமல் நம்மில் எந்தக் கல்யாணம் நடந்திருக்கிறது? எட்டு நாள் வாழ்ந்தவள் மட்டும் எப்படி வெளியாள் ஆவாள்?

காலையில் அண்ணனுக்குப் போன் செய்தேன். பெயரைத் திருத்தி அச்சகத்துக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னார். குப்பம்மாள் என்றே வருகிறது. படையலன்று சேலைக்குப் பக்கத்தில் கைக்குழந்தைச் சட்டை ஒன்றும் வைக்கலாமா என்று கேட்டேன். அண்ணி போனை வாங்கி, தானே தைத்துத் தருவதாகச் சொன்னார். பூவுக்கு மட்டும் நான் சொல்லியிருக்கிறேன். சாமந்தி போதும்.