மெத்தை கொள்ளாத டிரக்

போன மாதம் டல்லாஸ் பக்கத்தில் வீடு மாறினோம். பிக்கப் டிரக் (பின்னால் திறந்த தொட்டி உள்ள வண்டி) வைத்திருக்கும் ஊர்க்கார அண்ணன் ஒருவர், "வாடகை வண்டியெல்லாம் எதுக்கு, நான் வர்றேன்" என்று காலையிலேயே வந்து நின்றுவிட்டார். நாலு கதவு, தோல் சீட்டு, ஏறுவதற்குத் தானாக இறங்கி வரும் படி. எல்லாம் சரி, குயின் சைஸ் மெத்தையைத் தூக்கி வைத்தபோதுதான் விஷயம் புரிந்தது. மெத்தை 80 அங்குலம். பின்தொட்டி ஐந்தரை அடி, அதாவது 66 அங்குலம். பின்கதவைத் திறந்து போட்டு, கயிற்றால் இறுக்கிக் கட்டி, நுனியில் மகளின் சிவப்புத் துண்டைத் தொங்கவிட்டுக்கொண்டு, ஊர்வலம் மாதிரி போய்ச் சேர்ந்தோம்.

அது எந்தக் கம்பெனி வண்டி என்று கேட்காதீர்கள். இன்று எல்லார் தொட்டியும் ஏறக்குறைய இதே கதைதான். ஆனால் இந்தக் கதையைச் சொல்ல ஃபோர்டு எஃப் வரிசையை எடுத்துக்கொள்வதுதான் வசதி. 1977 முதல் அமெரிக்காவில் அதிகம் விற்கும் டிரக் அதுதான்.

பிக்கப்பைக் கண்டுபிடித்தது ஃபோர்டு இல்லை, விவசாயிகள். மாடல் டி காரை வாங்கி, பின்பக்கத்தைக் கழற்றி, சொந்தமாகப் பெட்டி அடித்துக்கொண்டார்கள். அதைப் பார்த்துவிட்டு 1925-இல் தொழிற்சாலையிலேயே தொட்டி வைத்து 281 டாலருக்கு விற்க ஆரம்பித்தார்கள். 1948-இல் எஃப்-1 முதல் எஃப்-8 வரை ஒரு குடும்பமே வந்தது. அதுவரை காரின் அடித்தளத்தையே ஒட்டி வந்த பிக்கப்புக்குத் தனியாக ஒரு சேஸ் கிடைத்தது அப்போதுதான். 1953-இல் எஃப்-1, எஃப்-100 ஆனது.

நடுவில் ஒரு கூத்து. 1961-இல் கேபினையும் தொட்டியையும் ஒரே உடலாகச் சேர்த்து ஒரு மாடல் விட்டார்கள். பார்க்க அழகு, தயாரிப்புச் செலவும் குறைவு. ஆனால் பாரம் ஏற்றினால் உடம்பு முறுக்கிக்கொள்ளும், கதவு இறுகிக்கொள்ளும் என்று புகார்கள் கிளம்பின. செங்கல் ஏற்றியவர் கதவைத் திறக்க முதலில் செங்கலை இறக்க வேண்டும்! 1963-லேயே அதற்கு மூடுவிழா. இன்றைக்கும் கேபினுக்கும் தொட்டிக்கும் நடுவே ஒரு சந்து தெரிகிறதே, இனி பார்க்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இனிதான் நான் சொல்ல வந்தது. "அமெரிக்கர்களுக்குப் பெரிய வண்டிதான் பிடிக்கும், அதனால் பெரிசாகிறது" என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு இதில் பாதிதான் சம்மதம். மீதிப் பாதியை வாஷிங்டன் தன் சட்டப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறது.

எஃப்-150 என்ற பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1975 மாடலாக அது பிறந்த காரணம் 6,000 பவுண்டு என்ற ஒரு எண். பாரத்தோடு சேர்த்து அந்த எடைக்கு உட்பட்ட வண்டிகளுக்குக் கடுமையான புகை விதி வந்தது. புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் மாட்ட வேண்டும், மாட்டினால் ஈயமில்லாத பெட்ரோல்தான் ஊற்ற வேண்டும். பண்ணைக்காரருக்கு இரண்டுமே தலைவலி. ஃபோர்டு என்ன செய்தது? எஃப்-100-ஐக் கொஞ்சம் பலப்படுத்தி, 6,000-ஐச் சற்றே தாண்ட வைத்து, எஃப்-150 என்று பெயர் சூட்டியது. நாட்டிலேயே பிரபலமான டிரக், ஒரு விதியின் வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு எட்டு தள்ளி நிற்பதற்காகவே பிறந்தது. பிறகு வந்த எரிபொருள் சிக்கன விதியிலும் கார்களுக்கு ஒரு கணக்கு, டிரக்குகளுக்குத் தளர்வான வேறொரு கணக்கு. கம்பெனிகள் எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லவே வேண்டாம்.

அதற்கும் முந்தியது கோழி வரி. அறுபதுகளின் தொடக்கத்தில் அமெரிக்கக் கோழி ஐரோப்பாவில் மலிவாகக் குவிந்தது. பிரான்ஸும் மேற்கு ஜெர்மனியும் அதைத் தடுக்க வரி போட்டன. பதிலடியாக அதிபர் ஜான்சன் அரசு 1964 முதல் இறக்குமதியாகும் சிறிய டிரக்குகளுக்கு 25 சதவீத வரி விதித்தது. குறி ஜெர்மனியின் ஃபோக்ஸ்வேகன் வண்டிகள் மீது. கோழிச் சண்டை ஓய்ந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது, வரி மட்டும் அப்படியே நிற்கிறது. வெளிநாட்டுச் சின்ன டிரக் மலிவாக வந்து போட்டி போட முடியாததால், உள்ளூர் வண்டி தன்பாட்டுக்குப் பெருத்துக்கொண்டே போனது.

இந்த வரி வேலி ஃபோர்டையே குத்தியதுதான் வேடிக்கை. வரியைத் தவிர்க்க, துருக்கியில் தயாரான தங்கள் டிரான்சிட் கனெக்ட் வேன்களைப் பின்சீட்டோடு பயணிகள் வண்டி என்று இறக்கி, துறைமுகத்தைத் தாண்டியதும் சீட்டைப் பிடுங்கிச் சரக்கு வேனாக மாற்றினார்கள். வழக்கு வருடக்கணக்கில் நடந்து, 2024-இல் 365 மில்லியன் டாலர் கட்டி முடித்துக்கொண்டார்கள்.

இதற்கிடையில் கேபின் வளர்ந்தது. 1974-இல் சீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் இடம். 2001-இல் எஃப்-150-க்கு நாலு முழுக்கதவு. கேபின் முன்னேற முன்னேறத் தொட்டி பின்வாங்கியது. எட்டடித் தொட்டியில் 4-க்கு 8 பிளைவுட் ஷீட்டைப் படுக்கப் போட்டுக் கதவைச் சாத்தலாம். அந்தத் தொட்டி இன்றும் கிடைக்கும், ஆனால் பெரும்பாலும் மின்வாரியக்காரரும் ஒப்பந்தக்காரரும் வாங்கும் சாதா மாடலில். ஒரு லட்சம் டாலரைத் தாண்டும் எஃப்-150 ராப்டர் ஆர் மாடலில் ஐந்தரை அடிதான்.

குறை மட்டுமே சொன்னால் நியாயமில்லை. 2015-இல் உடலை அலுமினியத்துக்கு மாற்றியது துணிச்சலான வேலை. 700 பவுண்டு வரை எடை குறைந்தது. அலுமினியத் தொட்டியில் கற்களைக் கொட்டி ஓட்டை போட்டுப் போட்டிக் கம்பெனி ஷெவர்லே விளம்பரம் எடுத்தது, ஆனாலும் ஃபோர்டின் விற்பனை அசையவில்லை. 2021 பிப்ரவரியில் இங்கே டெக்சாஸில் உறைபனியில் கரண்ட் போனபோது, 7.2 கிலோவாட் வரை மின்சாரம் தரும் ஹைபிரிட் எஃப்-150-களை மக்களுக்கு இரவல் கொடுங்கள் என்று ஃபோர்டு தன் டீலர்களைக் கேட்டுக்கொண்டது. டிரக் என்றால் அது!

இத்தனையையும் மெத்தையை இறக்கும்போதே அண்ணனிடம் கொட்டிவிட்டேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உன் மெத்தையை வருஷத்துக்கு ஒரு தரம் தூக்கப்போறேன். என் புள்ளைங்க மூணு பேரையும் தினம் ரெண்டு தரம் ஸ்கூலுக்குத் தூக்கணும். எனக்கு எது பெரிசா வேணும்?" என்றார்.

துண்டை அவிழ்த்து மகளிடம் கொடுத்தேன். காபி போட அடுப்பைத் தேடினால், அது இன்னும் பழைய வீட்டிலேயே இருந்தது.