முகம் காட்டாத முதல் நிமிடங்கள்
பிரிட்டனின் புது இயக்குநர்கள் வறுமையை அப்படியே பதிவு செய்கிறார்கள், காட்சியழகில் அக்கறை இல்லை என்று இங்கே வந்திருக்கும் சினிமாக் கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. ஸ்காட்லாந்து இயக்குநர் லின் ராம்சே தன் முதல் முழுநீளப் படத்துக்கு முன், 1998-இல் எடுத்த 'காஸ்மேன்' குறும்படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கிளாஸ்கோவில் ஒரு குடும்பம் கிறிஸ்துமஸ் விருந்துக்குக் கிளம்புகிறது. தொடக்கத்தில் யாருடைய முகமும் சரியாகத் தெரியாது. கைகள், கால்கள், பொம்மைக் கார் மேல் பனிபோலக் கொட்டும் சர்க்கரை, இவ்வளவுதான். பிள்ளைகளின் கண்மட்டத்தில் வீடு எப்படித் தெரியுமோ அப்படி. பிறகு தண்டவாளத்தில் நடந்து போகையில், வேறொரு பெண் தன் இரண்டு பிள்ளைகளை இந்தக் குடும்பத்து அப்பாவோடு அனுப்பிவைக்கிறாள். விருந்தில் அந்தச் சிறுமி அவர் மடியில் உட்காரும்போது, வீட்டிலிருந்து கூட வந்த மகளின் முகம் மாறுவதைப் பாருங்கள், வசனமே தேவையில்லை. இதைத் திட்டமிடாமல் யாராலும் எடுக்க முடியாது. கட்டுரைக்கு வந்த கருத்துகளில் ஒரு நண்பர் 'எல்லாமே ஒரே சோகம்' என்று எழுதியிருக்கிறார். இன்னொரு பிரிட்டிஷ் இயக்குநரான ஆண்ட்ரியா அர்னால்டின் 'வாஸ்ப்' குறும்படத்தை (2005-இல் ஆஸ்கர் வாங்கியது) அவர் பார்க்க வேண்டும். இங்கிலாந்தின் டார்ட்ஃபோர்டில் நாலு பிள்ளைகளோடு தனியாக வாழும் இளம் தாய், பழைய நண்பனிடம் இவை தன் பிள்ளைகளே இல்லை என்று பொய் சொல்கிறாள். அவர்களை பப் வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போகிறாள். எனக்கு அவள் மேல் கடுங்கோபம் வந்தது, ஆனால் அந்த ஒரு மாலை நேரத்தை அவள் எவ்வளவு ஆசைப்பட்டாள் என்பதும் புரிந்தது. படம் அவளைத் தண்டிக்கவும் இல்லை, நியாயப்படுத்தவும் இல்லை. இந்த இரண்டு படங்களையும் தொடாமல் கட்டுரையாளர் எப்படி அந்த முடிவுக்கு வந்தார் என்பதுதான் என் கேள்வி.