மெம்மிங்கன் விவசாயிகளின் 12 கோரிக்கைகள்

ஐரோப்பியச் சமயச் சீர்திருத்தம் என்று பேச்செடுத்தாலே 1517, ஜெர்மன் துறவி மார்ட்டின் லூத்தர், பாவமன்னிப்புச் சீட்டு, போப்போடு சண்டை என்று சொல்லி முடித்துவிடுகிறோம். பள்ளிப் பாடமும் அவ்வளவுதான். என்னைக் கேட்டால், அந்த இயக்கத்தின் ஆகப்பெரிய சிந்தனை 1525 மார்ச்சில் தென் ஜெர்மனியின் மெம்மிங்கன் நகரில் விவசாயிகள் வெளியிட்ட 12 கோரிக்கைகளில்தான் இருக்கிறது.

அவற்றைத் தொகுத்து எழுதியவராகக் கருதப்படும் செபாஸ்டியன் லோட்சர், தோலாடை தைக்கும் தொழிலாளி. எங்கள் போதகரை நாங்களே தேர்ந்தெடுப்போம், விளைச்சலில் பத்தில் ஒன்றாக வாங்கும் தசமபாகத் தானியத்தில் ஊர் ஏழைகளுக்கும் பங்கு வேண்டும், ஆற்று மீனிலும் காட்டு விறகிலும் எங்களுக்கும் உரிமை உண்டு என்று போகிறது பட்டியல்.

11-வது கோரிக்கையைப் படித்தபோது நெஞ்சு பதறிவிட்டது. குடியானவன் செத்தால், அந்த வீட்டுத் தொழுவத்தில் இருப்பதிலேயே நல்ல மாட்டைப் பண்ணைப் பிரபு ஓட்டிக்கொண்டு போகலாம். பெண் செத்தால் அவளுடைய நல்ல உடை. சாவு வீட்டில் வந்து வரி வாங்கியிருக்கிறார்கள். விதவையையும் அநாதைகளையும் கொள்ளையடிக்கும் இந்த வழக்கத்தை ஒழியுங்கள் என்று கேட்டார்கள்.

3-வது கோரிக்கை இன்னும் ஆழமானது. ஆடு மேய்ப்பவன் முதல் ஆகப்பெரியவன் வரை எல்லோரையும் கிறிஸ்து தம் ரத்தம் சிந்தி மீட்டார், ஒருவரையும் விடவில்லை. அப்படியிருக்க நாங்கள் எப்படி இன்னொருவனின் உடைமை ஆவோம்? பண்ணையடிமை முறைக்கு எதிராக இதைவிட நேரான கேள்வி ஏது?

கடைசிக் கோரிக்கை, இதில் எதுவும் வேதத்துக்கு முரண் என்று வேதத்திலிருந்தே காட்டினால் கைவிடுகிறோம் என்கிறது. 1521-ல் வோர்ம்ஸ் சபையில் பேரரசர் முன் நின்று லூத்தர் சொன்னதும் இதே வாதம்தான்! அவர் ஜெர்மனில் மொழிபெயர்த்த பைபிளின் புதிய ஏற்பாடு 1522-ல் அச்சாகி, சாதாரண மக்கள் கைக்கும் வந்துவிட்டது. படித்தார்கள், கேட்டார்கள்.

அதற்கு லூத்தர் சொன்ன பதில் என்ன? பிரபுக்களின் பேராசையை முதலில் கண்டித்தார், உண்மைதான். ஆனால் 3-வது கோரிக்கைக்கு, ஆபிரகாமிடமும் அடிமைகள் இருந்தார்களே என்றார். கலகம் பரவியதும், கிளர்ச்சியாளர்களை வெட்டிச் சாய்க்கலாம் என்றே எழுதிவிட்டார். வைன்ஸ்பெர்கில் விவசாயிகள் ஒரு பிரபுவையும் அவர் ஆட்களையும் கொன்றார்கள். அதை நான் மறைக்கவில்லை. அதற்காக மே 15 அன்று ஃபிராங்கன்ஹவுசனில் பிரபுக்களின் படை ஆயிரக்கணக்கான விவசாயிகளைக் கொன்று குவித்ததை எப்படி ஏற்பது?

லூத்தர் சொன்னது ஆன்மிக விடுதலை, விவசாயிகள்தான் தவறாகப் புரிந்துகொண்டார்கள் என்பார்கள். எனக்கு இது கொஞ்சமும் ஒப்பவில்லை. வேதத்தை எல்லோரும் படிக்கலாம் என்று திறந்துவிட்டவர், குடியானவன் படித்துவிட்டுக் கேள்வி கேட்டால் காது கொடுத்திருக்க வேண்டும். ஜெர்மன் அரசான பிரஷ்யாவில் பண்ணையடிமை முறையை ஒழிக்கும் ஆணை வர 1807 ஆனது.

பாடநூலில் லூத்தர் படத்துக்குப் பக்கத்தில் அரைப் பக்கம் ஒதுக்கி, அந்த 3-வது கோரிக்கையை முழுசாக அச்சிடுங்கள். பிள்ளைகள் படித்துக்கொள்வார்கள்.