நாற்பது கால் ஐசியைக் கழற்றுவதற்கு முன்

ஆலை இயந்திரங்களின் கண்ட்ரோல் போர்டுகளைப் பழுது பார்ப்பதே என் பிழைப்பு என்பதால், "இன்னுமா இந்த 8051-ஐக் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள், எடுத்துவிட்டு ஒரு 32 பிட் ஐசியைப் போட்டுவிடலாமே" என்ற அறிவுரையை மாதத்துக்கு இரண்டு முறையாவது கேட்டுவிடுகிறேன். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. 8051 என்பது புரோகிராமைத் தன்னுள்ளேயே வைத்துக்கொண்டு போர்டை இயக்கும் நாற்பது கால் மைக்ரோகண்ட்ரோலர் ஐசி; இன்டெல் 1980-இல் வெளியிட்ட வடிவமைப்பு அது. 4 கிலோபைட் நிரல் நினைவகமும் 128 பைட் ராமும்தான் அதன் மொத்தச் சொத்து. இன்டெல் அதன் உற்பத்தியைக் கைவிட்டு வெகுகாலம் ஆகிறது. அதே வடிவத்தை ஃபிளாஷ் நினைவகத்தோடு ஏடி89சி51 என்று ஊரெங்கும் பரப்பிய அட்மெல்லும் 2016-இல் மைக்ரோசிப் கைக்குப் போய்விட்டது. இருந்தும், பழைய போர்டுக்கு மாற்று தேடும்போது வேகத்தைப் பார்க்காமல், பழையதைப் போலவே நடந்துகொள்ளும் ஐசியைத்தான் நான் முதலில் தேடுகிறேன்.

ஒரு சாயப்பட்டறையின் போர்டில் இதை நேரில் பார்த்தேன். எனக்கு முன்பு அதில் கை வைத்தவர் விவரமானவர்தான். கால் வரிசை 8051-ஐ ஒத்திருக்கிறது என்பதற்காக வேறு குடும்பத்து மைக்ரோகண்ட்ரோலரான ஏடிமெகா8515-ஐத் தேர்ந்தெடுத்து, 8051-ஐ முதலிலிருந்து தொடங்க வைக்க அதன் ரீசெட் காலில் 5 வோல்ட் வர வேண்டும், இதற்குப் பூஜ்யத்துக்கு இறங்க வேண்டும் என்ற வேறுபாட்டையும் கவனித்து அந்தச் சுற்றைத் திருத்தி, புரோகிராமைப் புதிதாக எழுதியிருந்தார். மேசையில் எல்லாம் ஒழுங்காக ஓடியது. ஆலையில் மெயினைப் போட்டவுடன் பம்புக்கு மின்சாரம் கொடுக்கும் பெரிய சுவிட்சான காண்டாக்டர் ஒரு கணம் படபடவென்று அடித்துவிட்டுத்தான் அடங்கியது. 8051 ரீசெட் ஆகும்போது வெளியே சிக்னல் கொடுக்கும் அதன் போர்ட் கால்கள் தாமாகவே உயர்நிலைக்கு, அதாவது 5 வோல்ட் பக்கம், போகும் என்பதை அறிந்த பழைய வடிவமைப்பாளர், அந்நிலையில் காண்டாக்டரை இயக்கும் ரிலே அணைந்திருக்கும்படி, உயர்நிலையைத் தாழ்நிலையாக்கித் தரும் ஓர் இன்வெர்ட்டர் ஐசியை நடுவில் வைத்திருந்தார். புதிய ஐசியின் கால்களோ, புரோகிராம் ஓடத் தொடங்கும்வரை எந்தப் பக்கமும் சேராமல் அந்தரத்தில் நிற்பவை. அந்தக் கால்களை 5 வோல்ட் பக்கம் இழுத்துப் பிடிக்க நான்கு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர்களைப் போட்டதில் கதை முடிந்தது. ஆனால் அதைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் பட்டறையில் காத்துக் கிடக்க வேண்டியதாயிற்று.

ஒரே குடும்பத்து ஐசிகளிலும் இந்த ஆபத்து உண்டு. கிளாக் துடிப்பைத் தரும் கிரிஸ்டல் 12 மெகாஹெர்ட்ஸ் என்றால், பழைய 8051-இன் ஒரு மெஷின் சைக்கிள், அதாவது அது வேலை செய்யும் அடிப்படை நேர அளவு, பன்னிரண்டு கிளாக், சரியாக ஒரு மைக்ரோ விநாடி. அதை நம்பி வெறும் சுழல்களாலேயே தாமதம் எழுதப்பட்ட புரோகிராம்கள் ஏராளம். ஒரு கிளாக்கிலேயே கட்டளையை முடிக்கும் இன்றைய 8051-களில் அதே ஹெக்ஸ் கோப்பை, அதாவது ஐசியில் எழுதத் தயாரான புரோகிராமை, ஏற்றினால் அந்தச் சுழல்கள் பல மடங்கு வேகத்தில் முடிந்துவிடும். திரையைத் துடைக்கவே ஒன்றரை மில்லி விநாடி எடுத்துக்கொள்ளும் இரண்டு வரி எல்சிடி அதற்கு ஈடுகொடுக்க முடியாமல், மேல் வரியில் பதினாறு கறுப்புக் கட்டங்களைக் காட்டிக்கொண்டு நிற்கும். டிஸ்பிளே போய்விட்டது என்று புதிது வாங்கி மாட்டியவர்களும் இருக்கிறார்கள்.

32 பிட் பக்கம் போனால், அந்த ஐசிகள் பெரும்பாலும் 3.3 வோல்ட்டில் ஓடுபவை என்ற தொல்லை வேறு. போர்டில் 5 வோல்ட்டில் ஓடும் 74எச்சி வகை லாஜிக் ஐசி, உயர்நிலை என்று ஏற்க 3.5 வோல்ட்டாவது கேட்கும். 3.3 வோல்ட் கொடுத்தாலும் பல நேரம் வேலை செய்துவிட்டு, சில நேரம் மட்டும் காலை வாரும் என்பதுதான் இதில் எரிச்சலானது.

ஹெக்ஸ் கோப்பு கையில் இருந்தால், 8051 குடும்பத்து ஏடி89எஸ்52-இல் அதை எழுதி அதே சாக்கெட்டில் செருகிவிடுவேன். கால்களும் அவையே, மெஷின் சைக்கிளுக்குப் பன்னிரண்டு கிளாக் என்ற கணக்கும் அதுவே. கோப்பு இல்லாமல், ஐசியிலிருந்து புரோகிராமைப் படிக்க விடாத லாக் பிட்டும் போடப்பட்டிருந்தால்தான் புதிதாக எழுதும் பேச்சு. அப்போது 32 பிட் ஐசிக்கு எனக்கும் ஆட்சேபம் இல்லை. அதற்கும், பழைய ஐசி உயிரோடிருக்கும்போதே எந்தக் கால் எப்போது எவ்வளவு நேரம் மாறுகிறது என்பதை, சிக்னல்களைப் பதிவு செய்யும் கருவியான லாஜிக் அனலைசரில் பதிந்து வைத்துக்கொண்டாக வேண்டும்.

இப்போது என் மேசையில் அப்படி ஒரு போர்டு கிடக்கிறது. செய்து கொடுத்த நிறுவனத்தைக் கேட்டால், புரோகிராம் எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டார், கோப்பு எங்களிடமே இல்லை என்கிறார்கள். போர்டு சூடேறினால் தானாக ரீசெட் ஆகிறது. ஆறவிட்டு, நாற்பது நிமிடம் ஓடவிட்டு, அது நிற்பதற்குள் கிடைத்ததைப் பதிந்துகொண்டிருக்கிறேன். திங்கட்கிழமை வேண்டும் என்கிறார் முதலாளி.